களிம்பேறிய செம்புப் பானை

தனுவச்சபுரம், பாறசாலை ஊர்களிலும் எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலும், பனைத்தொழில் செய்த குடும்பங்களின் பரண்களில் அக்கானி காய்ச்சிய செம்புப் பானைகளும் பித்தளை அண்டாக்களும் இன்னும் கிடக்கின்றன. பதநீரையே இங்கே அக்கானி என்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அக்கானி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிவிடும். அவ்வாறு புளித்த சாறுதான் செம்பின் பகை. புளிப்பு செம்பைக் கரைக்கிறது. பச்சைக் களிம்பு படர்கிறது. அது வயிற்றுக்கு நஞ்சு.

இப்பாத்திரங்களை எடைக்குப் போடுவதா, புதுப்பிப்பதா என்பதே கேள்வி. பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யலாகாது. புளியும் உப்பும் கொண்டு தேய்த்தால் களிம்பு போய்விடும். அதன் அடியில் செம்பு சமமாக இருந்தால் பானை பிழைத்தது. பித்தளையில் மட்டும் எச்சரிக்கை தேவை. மஞ்சள் நிறத்தின் நடுவே செந்திட்டுகள் தெரிந்தால், அங்கே துத்தநாகம் கரைந்து வெளியேறி, கடற்பஞ்சு போன்ற வலுவற்ற செம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அதனை அடுப்பில் ஏற்ற வேண்டா. இரும்புச் சட்டியின் துருவைச் சுரண்டி, எண்ணெய் தடவிக் கருமை ஏறும்வரை காய்ச்சினால் போதும்.

பழைய ஒட்டு வேலைகளையும் நம்புதல் ஆகாது. பற்றாசில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். உணவுப் பாத்திரமாயின் அதனை முற்றிலும் நீக்கிவிட்டு, காரீயமில்லாத பற்றாசு வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈயம் பூசுதல். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சினால் ஒரே வீச்சில் துடைத்துப் பரப்புவர். புகை கடுமையானது; திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பூச வேண்டியது வெள்ளீயம். அது 232 பாகை செல்சியசில் உருகும். இரண்டையும் பொதுவாக ‘ஈயம்’ என்றே நாம் அழைப்பதால், விலை மலிவான காரீயம் கலப்பதற்கு வழி பிறக்கிறது. துண்டைத் தாளில் கோடிழுத்துப் பாருங்கள்: காரீயம் பென்சில் போலக் கருங்கோடு விடும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் மெல்லிய நொறுங்கும் ஒலி கேட்கும். கூலி சற்றுக் கூடினாலும், ஈயத்தைத் தாமே வாங்கிக் கொடுப்பது நலம் என்பது என் கருத்து.

இவ்வேலை அறிந்த கைகள் குறைந்துவருகின்றன. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லர் தொழிலும் ஒன்று. பிணையின்றி, 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 இலட்சம் ரூபாய் வரை கடன் கிடைக்கும். தவணை 18 மாதங்கள். அதனை முறையாகச் செலுத்தியவர்க்கு 2 இலட்சம் ரூபாய் வரை, 30 மாதங்களுக்கு. கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு. தங்கள் பானைக்கு ஈயம் பூசுபவர் இதனை அறிந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையெனில் அருகிலுள்ள பொதுச் சேவை மையத்தில் ஆதார் அட்டையுடன் சென்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.