உஷார்! அட்டை புதுசு, சரக்கு பழசு

சூழலியல் தாளுக்குப் பாடநூல் வாங்கப் போகிறீர்களா? அட்டையில் இந்த வருடத்தைப் பார்த்ததும் காசை நீட்டிவிடாதீர்கள். உள்பக்கத்தைப் புரட்டுங்கள். ‘மறுபதிப்பு’ என்றிருந்தால் தாளும் மையும்தான் புதிது. கடைசியாகத் திருத்தியது எந்த ஆண்டு என்பதே கணக்கு.

‘திருத்திய பதிப்பு’ என்று போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும் பக்கத்தை எடுங்கள். இன்னமும் ஆறு அட்டவணை என்கிறதா? 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, அது நான்காகிவிட்டது. தமிழ்நாட்டில் ராம்சார் தளம் கோடியக்கரை மட்டும்தான் என்கிறதா? 2022-லேயே பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல் என்று வரிசையாகச் சேர்ந்துவிட்டன. உலகில் பல்லுயிர் ஹாட்ஸ்பாட் 25 என்றால் அது 2000-ஆம் ஆண்டுக் கணக்கு, இப்போது 36. இதை அப்படியே தேர்வில் எழுதினால் மதிப்பெண் போவது உங்களுக்கு, பதிப்பாளருக்கு அல்ல.

எண்கள் பழசானால்கூடத் திருத்திக்கொள்ளலாம். கருத்தே கோணலாக இருந்தால்? பிரமிட் படங்களைப் பாருங்கள். ஆற்றல் பிரமிட் ஒருபோதும் தலைகீழாகாது. உயிர்த்திரள் பிரமிட் கடலில் தலைகீழாகலாம். தாவர மிதவை உயிரிகள் எடையில் குறைவு, ஆனால் மளமளவென்று பெருகித் தம்மைவிட எடை கூடிய கூட்டத்துக்கே தீனி போடுகின்றன. இந்த இரண்டையும் குழப்பிப் படம் போட்ட புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து வழிமுறை வளர்ச்சி. 1916-ல் கிளெமென்ட்ஸ் சொன்ன உச்ச சமுதாயக் கொள்கையோடு அத்தியாயம் முடிந்துவிட்டால் பெரிய ஆபத்து. புல்வெளி என்றாலே காடாக மாறும் வழியில் ஓர் இடைக்கட்டம் என்று மாணவர் மனதில் பதிந்துவிடும். நீலகிரியில் சோலையும் புல்வெளியும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான். அதை வெற்றிடமாக நினைத்துச் சீகையும் கற்பூர மரமும் நட்டதன் விளைவை மலை இன்னும் அனுபவிக்கிறது. சோலைப் புல்வெளிக்கு ஒரு பத்திகூட ஒதுக்காத நூல், தமிழ்நாட்டு வகுப்புக்கு எதற்கு?

இன்னொரு பொறி: எல்லாத் துறையினருக்கும் பொதுவான சுற்றுச்சூழல் கல்வித் தாளின் நூல், தலைப்பில் ‘சூழலியல்’ சேர்த்துக்கொண்டு அலமாரியில் நிற்கும். மாசு, சட்டம், உலக மாநாடு எல்லாம் இருக்கும். உயிரினத்தொகை வளர்ச்சிக்கு நாலு வரிதான். லாஜிஸ்டிக் சமன்பாடும் அதன் வரைபடமும் இல்லையென்றால் அது உங்கள் தாளுக்கானது அல்ல.

1953-ல் முதலில் வந்த ஓடமின் நூல், 2005-ல் பேரட்டுடன் சேர்ந்து வந்த ஐந்தாம் பதிப்பில், அடிப்படைக்கு இன்றும் நம்பகமானது. பெகான், டவுன்சென்ட் எழுதிய நூலின் ஐந்தாம் பதிப்பு 2021-ல் வந்தது. கனமானது, விலையும் கனம்தான். முதலில் நூலகத்தில் தேடுங்கள். சட்டப் பகுதிக்கு மட்டும் எந்தப் பாடநூலையும் நம்பாமல் அரசிதழைப் பாருங்கள்.

பேராசிரியர்களே, பதிப்பாளர் கொடுத்த ஸ்பெசிமன் காப்பியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பட்டியலில் பெயர் சேர்க்காதீர்கள். உங்கள் ஒரு கையெழுத்துக்கு ஒரு வகுப்பே காசு கொடுக்கிறது.