புளிக்குழம்புக்கு ஒரு குளிர்த்தீவு வைன்

டாஸ்மேனியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கிருந்து நேர் மேற்கே கப்பல் விட்டால் அடுத்து எட்டும் கரை தென்னமெரிக்காதான். தடையே இல்லாத அந்தக் கடலைக் கடந்து வரும் மேல்காற்று, தீவின் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கிலும் வடக்கிலும் குளிர்ச்சியை மட்டும் கொண்டுசேர்க்கிறது. திராட்சைத் தோட்டங்கள் இருப்பது அந்தப் பக்கங்களில்தான்.

சென்ற ஏப்ரலில் நானும் கணவரும் மெல்பர்னில் விமானம் மாறி லான்செஸ்டன் நகருக்குப் போனோம். நம்மவர்கள் பலர் கிரேடில் மலைக்கும் லாவெண்டர் பண்ணைக்கும் போவதுண்டு. நாங்கள் போனது அறுவடைக் காலம். பறவைகள் கொத்தாமலிருக்கக் கொடிகளின் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். பகலில் மெல்லிய வெயில், இரவில் கம்பளிக்குள் கம்பளி.

இந்தக் குளிரில்தான் விஷயம் இருக்கிறது. வெப்பமான ஊரில் திராட்சை சீக்கிரம் பழுக்கும். இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். இனிப்பு கூடினால் நொதித்த பிறகு மதுச்சத்தும் கூடும். குளிர்ந்த ஊரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு அப்படியே நிற்கிறது. மிளகாயும் புளியும் ஆளும் நம் சமையலுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே திராட்சை வளராது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிலர் பயிரிட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. நீர்மின் திட்ட வேலைக்காக வந்த பிரெஞ்சுக்காரர் ஷான் மிகே 1956ல் லான்செஸ்டன் அருகே கொடி நட்டார். இத்தாலியிலிருந்து குடியேறிய ஜவுளித் தொழிலதிபர் கிளாடியோ அல்கோர்சோ 1958ல் ஹோபார்ட் அருகே ஆற்றோரத்தில் நட்டார். அந்த இடத்தில்தான் 2011ல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற மோனா அருங்காட்சியகம் இப்போது இருக்கிறது. இன்றோ நிலைமை தலைகீழ். ஆஸ்திரேலியப் பெருநிலம் சூடாகிக்கொண்டே போவதால் அங்குள்ள தயாரிப்பாளர்கள் தெற்கே பார்க்கிறார்கள். விக்டோரியாவின் பழைய குடும்ப நிறுவனமான பிரவுன் பிரதர்ஸ் 2010ல் டேமார் ரிட்ஜ் தோட்டங்களை வாங்கியதற்குப் பருவநிலை மாற்றமும் ஒரு காரணம்.

லான்செஸ்டனுக்கு வெளியே ரெல்பியாவில் இருக்கும் ஜோசப் குரோமி தோட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. வைனுக்காக மட்டுமன்று, அதைத் தொடங்கியவரின் கதைக்காகவும்தான். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி, 1950ல் 19 வயதில் கையில் காசில்லாமல் ஆஸ்திரேலியா வந்தவர் அவர். இறைச்சி வெட்டும் வேலையில் தொடங்கி இறைச்சித் தொழிலில் பெரிய ஆளானார். தன் பெயரில் வைன் கொண்டுவந்தபோது எழுபது வயதைக் கடந்திருந்தார். வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்களின் கதை நம் குடும்பங்களுக்குப் புதிதா என்ன!

அங்கே சுவைத்துப் பார்த்தபோது எனக்கு ஆட்டுப் பாலாடைக்கட்டியோ சிப்பியோ நினைவுக்கு வரவில்லை. ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனின் முதல் மிடறிலேயே எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் நாக்கில் கூசின. எனக்கு வீட்டு மீன்குழம்புதான் தோன்றியது.

காரமும் புளியும் கேட்பது

நம் உணவோடு வைன் சேராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான வைனோடு சாப்பிட்டவர்கள். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை மதுச்சத்தும் தூண்டுகிறது. 14, 15 விழுக்காடு மதுச்சத்துள்ள கனமான சிவப்பு வைனோடு சம்பாலைச் சாப்பிட்டால் வாயில் தீதான். அதிலுள்ள துவர்ப்பு காரத்தை இன்னும் கரடுமுரடாக்கும். சிவப்பு வைனில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கூட்டும் என்பதும் ஆய்வில் கண்டது.

புளிக்கு வேறு கணக்கு. புளிப்பான உணவுக்குப் பின் எந்த வைனும் புளிப்புக் குறைந்து சப்பென்று தெரியும். ஆகவே குழம்பைவிட வைன் புளிப்பாக இருக்கவேண்டும். மதுச்சத்துக் குறைவு, புளிப்பு அதிகம், துவர்ப்பு இல்லை. இந்த மூன்றையும் குளிர்த்தீவு ரீஸ்லிங் தருகிறது. மீன் தலைக் கறிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. சில்லி நண்டு என்றால் சற்று இனிப்பு மீதமிருக்கும் ரீஸ்லிங்கைத் தேடுங்கள். இனிப்பு காரத்தைத் தணிக்கும்.

பினோ நுவா தீவின் பெருமைக்குரிய சிவப்பு வகை. மெல்லிய தோல் கொண்ட பழம் என்பதால் துவர்ப்புக் குறைவு. மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு நன்றாகப் பொருந்தும், மிளகாய் தூக்கலாக இருந்தால் அவ்வளவாக இல்லை. தேங்காய்ப்பால் குருமாவுக்கு ஷார்டனே. லிச்சி வாசனை வீசும் கெவூர்ஸ்ட்ரமினரைப் பிரியாணியோடு ஒருமுறை பாருங்கள். ரசத்துக்கு எதுவும் வேண்டாம். ரசம் தனக்குத் தானே பானம்.

பொரித்த பண்டங்களுக்கு நுரைக்கும் வைன். ஷாம்பேனைப் போலவே போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைத்து இங்கே தயாரிக்கிறார்கள். 1986ல் பிரான்சின் லூயி ரோடரர் நிறுவனமும் இங்கு வந்து கூட்டுச் சேர்ந்தது. அப்படிப் பிறந்ததுதான் ஜான்ஸ். 1642ல் தீவைக் கண்ட டச்சு மாலுமி ஆபெல் ஜான்சூன் டாஸ்மானின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் குமிழியும் புளிப்பும் உளுந்து வடையின் எண்ணெயை வாயிலிருந்து துடைத்து எடுத்துவிடும்.

அம்மாவின் மேசையில்

இதையெல்லாம் எழுதுவது எனக்கு எளிதன்று. ஜோகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் என் அம்மா. சம்பள நாளில் தாத்தா நேரே கள்ளுக்கடைக்குப் போவாராம். பாட்டி வாசலில் காத்திருப்பாராம். தோட்டத்துக் கள்ளுக்கடைகளால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது நம் சமூகத்துக்குத் தெரியும். அவற்றை எதிர்த்து 1947ல் கெடாவில் தொண்டர் படையினர் மறியல் செய்தது வரலாறு. எங்கள் வீட்டில் ‘குடி’ என்ற சொல்லையே தணிந்த குரலில்தான் சொல்வோம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு போத்தல்களைப் பற்றி அம்மாவிடம் முன்பே சொன்னேன். “என் மேசையில் வைக்கலாம். ஆளுக்கு ஒரு கிண்ணம். பிள்ளைங்க எதிரில் சத்தம் கூடக்கூடாது. மாப்பிள்ளை கார் எடுக்கக்கூடாது,” என்றார். அவர் போட்ட விதிகள் எந்த வைன் நிபுணரின் விதிகளையும்விடத் தெளிவானவை.

போத்தல்களில் ஒன்று சில ஆண்டுகள் முதிர்ந்த ரீஸ்லிங். அம்மா குடிக்கவில்லை. கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். “என்னடி இது, மண்ணெண்ணெய் அடுப்பு வாசம் அடிக்குது?” என்றார். முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாசனைதான். வெயில் பட்ட திராட்சைத் தோலில் உருவாகும் பொருள்கள் போத்தலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து அப்படி மாறுகின்றன. அதைக் கண்டுபிடிக்கப் பணம் கட்டிப் பாடம் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அது தோட்டத்து லயத்தின் சமையலறை. கொஞ்ச நேரம் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, குழம்பில் புளி கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எங்கள் கிண்ணத்துக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்றார். வைனை நாக்கில் வைக்காமலே.

அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் நுரைக்கும் ஆப்பிள் சாறு வைத்திருந்தேன். டாஸ்மேனியாவுக்கு ‘ஆப்பிள் தீவு’ என்ற பெயரும் உண்டு. வடையோடு அதே குமிழி, அதே புளிப்பு. மது அருந்தாத வீடுகளில் இந்தப் பொருத்தத்தை அப்படியே செய்து பார்க்கலாம், ஒன்றும் குறையாது. சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உடலுக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் கூறிவிட்டது.

வாங்குவோருக்கு

சிங்கப்பூரில் வைனுக்குத் தீர்வை, அதிலுள்ள மதுச்சத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி. 12.5 விழுக்காடுள்ள 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு 8 வெள்ளி 25 காசு வருகிறது. அதற்கு மேல் பொருள் சேவை வரி. வெளிநாட்டில் 48 மணி நேரமாவது தங்கிவிட்டு, மலேசியா தவிர்த்த நாட்டிலிருந்து திரும்பும் 18 வயதுக்கு மேற்பட்டவர், வேறு மது எதுவும் எடுக்காவிட்டால் 2 லிட்டர் வைன் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அதாவது ஆளுக்கு இரண்டு போத்தல். பயணப்பெட்டியில் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வையுங்கள்.

சிவப்பு வைனை அறைச் சூட்டில் பரிமாறவேண்டும் என்பது ஐரோப்பிய அறைகளுக்கான பேச்சு. நம் ஊர் அறையில் அது வெதுவெதுப்பாகிவிடும். பினோ நுவாவை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபிறகு திறக்கவும். ரீஸ்லிங்கை இரண்டு மணி நேரம். குழம்பு மட்டும் சூடாக இருக்கட்டும்.