பேண்ட் சா பிளேடு: கொடுக்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்



ஹார்டுவேர் கடையில் ஆணி, கீல், தாழ்ப்பாள் போன்ற சரக்குகளை வாடிக்கையாளர் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாம் விலை சொன்னால் போதும். பேண்ட் சா பிளேடு அப்படிப்பட்ட சரக்கு அல்ல. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். தவறானதைக் கொடுத்துவிட்டால் நஷ்டம் பிளேடு விலையோடு நிற்காது. மரத்தின் விலையும் சேர்ந்து போகும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

2003-ஆம் ஆண்டில் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான ஆசாரி ஒருவர், 18 அங்குலச் சக்கரம் உள்ள இயந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். "அண்ணாச்சி, தேக்குல பலகை கிழிக்கணும், நல்ல பிளேடா கொடுங்க" என்றார். அப்போது எங்கள் கிடங்கில் அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 6 பல் உள்ள பிளேடு தேங்கிக் கிடந்தது. வேறு எதுவும் கேட்காமல் அதையே வெட்டி, வெல்டு வைத்துக் கொடுத்தோம். கட்டையின் உயரம் எட்டு அங்குலம். தூள் வெளியேற இடமில்லாமல் பிளேடு சூடேறி, மரத்துக்குள்ளே வளைந்து ஓடிவிட்டது. மேலே கோடு நேராக இருந்தது. நடுவிலே பலகை வயிறு வைத்துவிட்டது. அது ஒரு வீட்டுக்காரர் மகள் கல்யாணக் கட்டிலுக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய தேக்கு.

மறுநாள் அந்தப் பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "பிளேடை பில்லுல எழுதுனீங்க அண்ணாச்சி, இந்த மரத்தை எந்த பில்லுல எழுத?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மரத்தின் விலையில் பாதியைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடைப் பக்கமே வரவில்லை. அன்று முதல் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நாங்கள் பிளேடு வெட்டுவதில்லை.

முதல் கேள்வி: என்ன இயந்திரம்?

சக்கரத்தின் விட்டமும் பிளேடின் நீளமும் முதலில் தெரிய வேண்டும். பழைய பிளேடைக் கொண்டுவரச் சொல்வது நல்லது. இல்லையென்றால் கணக்குப் போடலாம். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால், விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, அச்சுக்கு அச்சு உள்ள தூரத்தின் இரு மடங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 18 அங்குலச் சக்கரம், அச்சுத் தூரம் 36 அங்குலம் என்றால், 56½-யும் 72-யும் சேர்த்து 128½ அங்குலம். மேல்சக்கரத்தை அதன் ஏற்ற இறக்கத்தில் நடுவில் நிறுத்தி அளக்க வேண்டும்.

தடிப்பும் முக்கியம். அறுவை மில்லில் ஓடும் அகலப் பிளேடுக்குச் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு என்பது பழைய கணக்கு. 36 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். சிறிய இயந்திரத்தில் இதைவிடச் சற்றுத் தடித்த பிளேடும் ஓட்டுகிறார்கள். ஆனால் சிறிய சக்கரத்தில் தடித்த பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளைந்து நிமிர்வதால் சீக்கிரம் வெடிப்பு விடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: என்ன வேலை?

பலகை கிழிக்க இயந்திரம் தாங்கும் மட்டும் அகலமான பிளேடு வேண்டும். வளைவு அறுக்கக் குறுகியது வேண்டும். கால் அங்குலப் பிளேடு ஏறக்குறைய 5/8 அங்குல ஆரம் வரை திரும்பும். அரை அங்குலப் பிளேடுக்கு 2½ அங்குல ஆரம் வேண்டும். முக்கால் அங்குலப் பிளேடு 5½ அங்குலத்துக்குக் குறைவாகத் திரும்பாது. இரண்டு வேலையையும் ஒரே பிளேடில் முடிக்க நினைப்பவரிடம், இரண்டு பிளேடு வாங்குவதுதான் சிக்கனம் என்று தைரியமாகச் சொல்லலாம். விற்பனைக்காகச் சொல்வதல்ல, அதுவே உண்மை.

இயந்திரப் புத்தகத்தில் ஒரு அங்குலம் வரை போடலாம் என்று எழுதியிருந்தாலும், பல சிறிய இயந்திரங்களின் ஸ்பிரிங் அந்த அகலத்துக்கு வேண்டிய இழுவிசையைத் தராது. ஒரு படி குறைத்து முக்கால் அங்குலம் கொடுப்பது மேல்.

மூன்றாம் கேள்வி: கட்டையின் உயரம் எவ்வளவு?

எங்கள் ஆசாரிக்கு நாங்கள் கேட்காமல் விட்டது இதைத்தான். ஒரு நேரத்தில் மரத்துக்குள் குறைந்தது 3 பல் இருக்க வேண்டும். 24-க்கு மேல் போகக் கூடாது. எட்டு அங்குல உயரத்தில் 6 பல் என்றால் 48 பல் உள்ளே நிற்கும். பல்லுக்கு நடுவே உள்ள பள்ளம் தூளால் நிரம்பிவிடும். அதே கட்டைக்கு அங்குலத்துக்கு 2 அல்லது 3 பல் உள்ள, முன்சாய்ந்த கொக்கிப் பல் பிளேடு கொடுத்திருந்தால் 16 முதல் 24 பல்தான் வரும். ஒன்று, ஒன்றரை அங்குலச் சட்டம் அறுக்கும் பொது வேலைக்கு 4 முதல் 6 பல் போதும்.

நான்காம் கேள்வி: என்ன மரம்?

தேக்கில் மணல் சத்து உண்டு. சாதாரணக் கார்பன் எஃகுப் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். நாள் முழுவதும் தேக்கு அறுப்பவருக்கு ஸ்டெலைட் முனை வைத்த அகலப் பிளேடோ, சிறிய இயந்திரமென்றால் பை-மெட்டல் அல்லது கார்பைடு முனைப் பிளேடோ விலை கூடினாலும் கட்டுபடியாகும். வாரத்தில் ஒரு நாள் ஓட்டுபவருக்குக் கார்பன் பிளேடே போதும். ஈர மரமானால் தூள் பிசுபிசுக்கும். பல்லின் செட்டிங் சற்று அகலமாகவும், பள்ளம் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

தூளாகப் போகும் பணம்

150 மில்லிமீட்டர் கட்டையை 6 மில்லிமீட்டர் பலகையாகக் கிழிப்பதாக வைத்துக்கொள்வோம். அறுப்பின் அகலம் 3 மில்லிமீட்டர் என்றால் 17 பலகை கிடைக்கும். 1½ மில்லிமீட்டர் என்றால் 20 பலகை. இழைப்பில் போவது வேறு கணக்கு. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் நாடு உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. தேக்கு இருக்கும் விலையில் ஒரு கட்டைக்கு மூன்று பலகை சாதாரண விஷயமா? இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினால், வாடிக்கையாளர் பிளேடு விலையில் பேரம் பேசமாட்டார்.

திரும்பி வரும் பிளேடு

அறுந்த பிளேடைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்க்க வேண்டும். சரியாக வெல்டு வைத்த இடத்தில் அறுந்திருந்தால் பெரும்பாலும் தவறு நம்முடையது. வெல்டு வைத்த பின் அந்த இடத்தை மீண்டும் அளவாகச் சூடாக்கிப் பதம் ஆற்றாவிட்டால் கண்ணாடி போல் ஒடியும். அதற்கு மறுபேச்சின்றி மாற்றிக் கொடுப்பதே முறை. வேறு இடத்தில் அறுந்து, பல்லின் பள்ளங்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால், மழுங்கிய பிளேடை அழுத்தி ஓட்டியிருப்பார், அல்லது இழுவிசை கூடியிருக்கும், அல்லது சக்கரத்துக்குத் தடிப்பு ஒவ்வாமல் இருக்கும். எது என்று விசாரித்துப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்தி வைக்கவும், பல்லில் படிந்த பிசினைத் துடைக்கவும், காவல் தகட்டைக் கட்டையின் உயரத்துக்கு இறக்கி ஓட்டவும் சொல்லி அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னது கைவிரலைக் காப்பது.

இந்த நான்கு கேள்விகளையும் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். கூட்டமான நேரத்தில் அது சிரமம்தான். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாடிக்கையாளர் பெயர், இயந்திரம், நீளம், பல், மரம் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை போனில் சொன்னாலே சரக்குத் தயாராகிவிடும்.

அந்த ஆசாரி இரண்டு வருடம் கழித்து வந்தார். நாங்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் சிரித்தார். "இதை அன்னிக்கே கேட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். உண்மைதான். இப்போது அவர் மகன் தொழில் செய்கிறார். எங்களிடம்தான் பிளேடு எடுக்கிறார். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவதால் கிடைக்கும் லாபம் அன்றைய கல்லாவோடு முடிந்துவிடும். கேட்டுக் கொடுத்த சரக்கு அடுத்த தலைமுறை வாடிக்கையாளரையும் அழைத்து வரும். உறுப்பினர்கள் இதை மனதில் கொள்ள வேண்டுகிறோம்.