மவுன்ட்ஜாய் சிறைக்குள் பத்துப் பேர்

1920 நவம்பர் 1 அன்று டப்ளின் மவுன்ட்ஜாய் சிறையில் கெவின் பாரி தூக்கிலிடப்பட்டார். வயது 18, மருத்துவ மாணவர். ரொட்டி ஏற்றிச் செல்ல வந்த பிரிட்டிஷ் ராணுவ லாரியை மடக்கிய அயர்லாந்து விடுதலைப் போராளிகளில் ஒருவர். மூன்று சிப்பாய்கள் உயிரிழந்த அந்த மோதலில், லாரிக்கு அடியில் பதுங்கியிருந்தபோது பிடிபட்டார்.

அடுத்த ஏழு மாதங்களில் அதே சிறையில் இன்னும் ஒன்பது பேர். 1921 மார்ச் 14 காலையில் மட்டும் ஆறு பேரை இருவர் இருவராகத் தூக்கிலிட்டார்கள். வெளியே பெருங்கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அறுவரில் பேட்ரிக் மோரனுக்குச் சில வாரங்கள் முன்பு வேறொரு சிறையிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தது. குற்றமற்ற நான் ஏன் ஓட வேண்டும் என்று மறுத்துவிட்டார். ஃபிராங்க் ஃபிளட் என்ற 19 வயது மாணவர், தன் நண்பன் பாரியின் பக்கத்தில் புதைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஏப்ரலில் இறந்த தாமஸ் டிரெய்னர் பத்துக் குழந்தைகளின் தகப்பன்.

தூக்கிலிடப்பட்டவரின் உடலைச் சிறைக்குள்ளேயே புதைக்க வேண்டும் என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். அதனால் பத்துப் பேரும் மதிலுக்குள்ளேயே மண்ணானார்கள். ஆனால் 1922-ல் சிறையின் சாவி அயர்லாந்தின் சொந்த அரசிடம் வந்துவிட்டதே! உள்நாட்டுப் போரில் அந்த அரசே சுட்டுக் கொன்றவர்களின் உடல்கள்கூட 1924-ல் குடும்பங்களுக்குக் கிடைத்தன. லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டுப் புதைக்கப்பட்ட அயர்லாந்து விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மென்டின் எச்சங்களை 1965-ல் கடல் கடந்து கொண்டுவந்து கிளாஸ்னெவின் மயானத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதே மயானத்துக்கு மவுன்ட்ஜாயிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த வழியைக் கடக்கத்தான் இவர்களுக்கு எண்பது ஆண்டுகள் ஆயின. பிரிட்டிஷார் மீது மட்டும் இந்தப் பழியைப் போட என்னால் முடியவில்லை.

2001 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் மூவர்ணக் கொடி போர்த்திய பத்துச் சவப்பெட்டிகள் டப்ளின் தெருக்களில் சென்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் மையமாக இருந்த தலைமைத் தபால் நிலையத்தின் முன் ஊர்வலம் நின்றது. சாலையோரம் திரண்ட மக்கள் கைதட்டினார்கள். துக்க ஊர்வலத்தில் கைதட்டலா என்று நமக்குத் தோன்றலாம். அங்கே அது வழியனுப்பும் மரியாதை.

எதிர்ப்பும் இருந்தது. வட அயர்லாந்தில் முப்பதாண்டு ரத்தக்களரி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இந்த நேரத்தில் ஆயுதப் போராட்டத்துக்கு மாலை போடுவதா என்று கேட்டார்கள், ஆளுங்கட்சி தேர்தலுக்காக நடத்துகிறது என்றார்கள். அந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பிள்ளையின் உடலைச் சிறையிலேயே விட்டுவை என்று எந்தக் குடும்பத்திடம் சொல்வது?

ஒன்பது பேர் கிளாஸ்னெவினில் அடக்கமானார்கள். பத்தாமவர் பேட்ரிக் மேஹர். இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போன பிறகு, ராணுவ நீதிமன்றம் அவருக்குத் தூக்கு விதித்தது. குடும்பத்தாரின் விருப்பப்படி, சில நாள் கழித்து லிமரிக் மாவட்டத்தின் பாலிலாண்டர்ஸில், சொந்த மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கேஸ்மென்ட் தனக்கென்று கேட்ட இடம் கிளாஸ்னெவின் அல்ல. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)