மளிகைக் கடையிலும் பணம் வாங்கலாம்!
ஒரு தடவைக்கு ரூ.2,000 வரை

கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள மேல்மலையில் பூண்டு பேர்போனது. பூம்பாறை, மன்னவனூர், போளூர் எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூண்டு மூட்டைகள் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகின்றன.

விற்ற பணம் பாங்கிக் கணக்கில் ஏறிவிடலாம். ஆனால் களை எடுத்த பெண்கள் சாயங்காலம் கூலிக்கு வந்து நிற்பார்களே! அவர்களுக்கு ரொக்கம் வேண்டும். அதை எடுக்க மலைப்பாதையில் பஸ் ஏறினால் ஒரு நாள் பிழைப்பு போச்சு.

இதற்கு ஒரு வழி உண்டு. பலருக்குத் தெரியாது.

கடைக்காரர் தருவார்

கார்டு தேய்க்கும் கருவி உள்ள கடையில், டெபிட் கார்டைக் கொடுத்து ரொக்கம் வாங்கலாம். ரிசர்வ் பாங்கி 2009 ஜூலையில் இதை அனுமதித்தது. அப்போது நாளுக்கு 1,000 ரூபாய்தான். 2015 ஆகஸ்டில் சிற்றூர்களுக்கு மட்டும் 2,000 ஆக உயர்த்தியது.

எது சிற்றூர்? ஜனத்தொகை 50,000-க்குக் குறைவாக இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகரில் சுமார் 36,500 பேர். ஆகவே அங்கே 2,000 என்று இருந்தது. போளூருக்கும் அதே 2,000தான் அப்போது. திண்டுக்கல்லில் இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள், அங்கே 1,000தான் இருந்தது. பெரிய ஊரில் பாங்கிகள் ஏராளம், சிற்றூரில் இல்லை என்பதே அந்த வித்தியாசத்துக்குக் காரணம். நியாயமான ஏற்பாடாகத்தான் இருந்தது.

சாமான் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. 2,000-க்கு அதிகபட்சம் 20 ரூபாய். பஸ் செலவை நினைத்தால் இது பெரிதா?

எல்லாக் கடையிலும் கிடைக்குமா?

கிடைக்காது. கருவி கொடுத்த பாங்கி வசதி செய்திருக்க வேண்டும். வசதியும் கட்டணமும் கடையில் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். கல்லாவில் பணமும் இருக்க வேண்டுமே! கடைக்காரருக்கும் லாபம் உண்டு: கல்லாப் பணத்தைப் பாங்கிக்குச் சுமந்து போகும் வேலை குறைகிறது.

கிரெடிட் கார்டு இதற்குச் செல்லாது.

2,000 ரூபாய் நாலைந்து பேர் கூலிக்கே பற்றாது என்பது உண்மை. 2015-ல் வைத்த வரம்பு, 2020 ஜனவரிச் சுற்றறிக்கையிலும் மாறவில்லை; 2021-ல்தான் எல்லா ஊர்களுக்கும் ஒரு தடவைக்கு 2,000, மாதத்துக்கு 10,000 என்று மாறியது. கூலி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே நாலு நாள் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைப்பது நல்லது.

ரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள். சாமானும் வாங்கியிருந்தால், ரசீதில் ரொக்கத் தொகை தனியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.