உஷார்! ஒன்றேகால் மணிக்கு மேல் பிள்ளை எங்கே?

மாசி முடிந்து பங்குனி பிறப்பதற்குள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகின்றன. ஆண்டு விழா, செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, ஹால் டிக்கெட், குரூப் போட்டோ, பிரிவு உபசார விழா, பொதுத் தேர்வு என்று ஒன்று மாற்றி ஒன்று. அது முடிவதற்குள் அடுத்த வருஷ ஃபீஸ், நீட் பயிற்சி, கல்லூரி விண்ணப்பம். இத்தனையும் பிள்ளைக்காகத்தான் நடக்கிறது. ஆனால் பிள்ளையைப் பார்க்கத்தான் ஆளில்லை. வருஷம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள்கூட இந்த இரண்டு மாதத்தில் கோட்டை விடுகிறார்கள்.

“நாங்கள் கவனிக்காமலா இருக்கிறோம்? ராத்திரி பதினோரு மணிக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கிறோமே” என்பீர்கள். கொடுக்கிறீர்கள், உண்மைதான். உங்கள் கண் இருப்பது தேர்வின் மேல். தேர்வு முடிந்ததும் அந்தக் கண்ணை மூடிவிடுகிறீர்கள். ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

பொதுத் தேர்வின் கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். காலை 10 மணிக்கு வினாத்தாள். முதல் பத்து நிமிஷம் படித்துப் பார்க்க, அடுத்த ஐந்து நிமிஷம் முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்கு எழுத ஆரம்பித்தால் 1.15-க்கு முடிவு. அதுவரை உங்கள் பிள்ளை எந்த ஊரில், எந்த அறையில், எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். 1.20-க்கு? ஒருவருக்கும் தெரியாது. வழக்கமாக நாலு மணிக்கு மேல் வெளியே வருகிற பிள்ளை, உச்சி வெயிலில் வெளியே நிற்கிறான். அப்பா வேலையில், அம்மா வேலையில். வீட்டில் பாட்டி தூங்கிக்கொண்டிருப்பார். அதுவும் கடைசித் தேர்வு என்றால் சொல்லவே வேண்டாம். வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்த மடை திறந்த மாதிரி சிநேகிதர்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். “குளிக்கப் போலாம்டா” என்று யாராவது ஒருவன் சொன்னால் போதும்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை செய்தித்தாளைப் புரட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தேர்வு முடித்த மாணவர்கள் ஆற்றில், கிணற்றில், கல்குவாரிக் குட்டையில் மூழ்கிய செய்தி வராத வருஷம் இல்லை. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒன்றாகச் சாவு விழுவதும் உண்டு. காரணம் இதுதான்: ஒருவன் தத்தளிப்பதைப் பார்த்து அடுத்தவன் குதிக்கிறான், அவனைப் பிடிக்க மூன்றாமவன். மூழ்குகிறவன் கையில் கிடைப்பதை உடும்புப் பிடியாகப் பிடிப்பான், நீச்சல் தெரிந்தவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான். சினிமாவில் வருகிற மாதிரி கை ஆட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டு யாரும் மூழ்குவதில்லை. வாயில் தண்ணீர் ஏறுகிறவனுக்குச் சத்தம் வராது.

கைவிடப்பட்ட குவாரி பார்ப்பதற்கு நீச்சல் குளம் மாதிரி பச்சையாக, அமைதியாக இருக்கும். நம்பவே கூடாது. சரிவே கிடையாது. ஓரத்திலிருந்து ஓரடி வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம். ஏறி வர, பாறைச் சுவரில் கால் வைக்க இடம் இருக்காது. ஆற்றிலோ, முழங்கால் தண்ணீர் என்று நம்பி நடந்தால் மணல் அள்ளிய பள்ளம் நடுவில் கிடக்கும். போன வருஷம் குளித்த இடமே இந்த வருஷம் வேறு இடம். இதைப் பிள்ளைகளிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: யாராவது மூழ்கினால் குதிக்காதே, கத்து. கையில் இருக்கிற துண்டு, கயிறு, கம்பு, மூடிய காலி கேன் எதையாவது எறி. 108-ஐக் கூப்பிடு. “தண்ணிப் பக்கம் போகாதே” என்று மட்டும் சொன்னால் போய்விட்டுச் சொல்லாமல் இருப்பான், அவ்வளவுதான்.

தண்ணீருக்கு அடுத்தது பைக். “கடைசி நாளுதானேப்பா” என்று கெஞ்சுவான். சாவி மேசை மேல் கிடக்கும். பின்னால் இரண்டு பேர், தலையில் ஹெல்மெட் கிடையாது, சட்டையெல்லாம் இங்க். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பொறுப்பு பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டத்துக்குப் பயந்தாவது சாவியைப் பூட்டி வையுங்கள்.

பொதுத் தேர்வு எழுதுகிற பிள்ளைக்காவது ‘எக்ஸாம்’ என்ற பெயரில் ஒரு கவனிப்பு உண்டு. எனக்குக் கவலையெல்லாம் அதே வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற தம்பியைப் பற்றித்தான். அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்றால் வீட்டில் டிவி கிடையாது, விருந்தாளி கிடையாது, சத்தம் போட்டுச் சிரிக்கக்கூட முடியாது. “அக்கா படிக்கிறா, நீ வெளியே போய் விளையாடு.” அந்த வெளியே எது என்று யாராவது கேட்கிறார்களா? பள்ளிக்கூடத்திலும் அவனுக்கு இதே கதிதான். ஆசிரியர்கள் அறைக் கண்காணிப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம். பள்ளியே தேர்வு மையமாக இருந்தால் சின்ன வகுப்புகளின் நேரமே மாறிப்போகிறது. வேன் வருகிற நேரமும் மாறுகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரு ஆள் எத்தனை இடத்தில் நிற்பார்? ஆனால் வகுப்பில் ஆசிரியர் இல்லை, வீட்டில் அம்மா அக்காவோடு, அப்பா ஆபீசில் என்றால், அந்தப் பையனை அன்றைக்கு ஒரு பெரிய மனுஷர்கூட முகம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார். அவனுக்கு ஒருவர் தொந்தரவு கொடுத்தாலும், அவன் போகக் கூடாத இடத்துக்குப் போனாலும், தெரிய வருவதற்கு ஜூன் ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்கு ஏதாவது தப்பாகப் படுகிறது என்றால் 1098 என்ற எண் இருக்கிறது. நாள் முழுக்க யாராவது எடுப்பார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், போகிற போக்கில். ஹால் டிக்கெட்டைப் படம் எடுத்து ‘பிரார்த்தனை செய்யுங்கள்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் கையில் இருந்தால் போதும், ரிசல்ட் வந்த நிமிஷமே உங்கள் பிள்ளையின் மார்க்கை ஊரே பார்த்துவிடும், பிள்ளை பார்ப்பதற்கு முன்னால். அவள் தோற்றிருந்தால் அதை அவளுக்குச் சொல்கிற முதல் ஆள் எதிர்வீட்டுக்காரர் ஆகிவிடுவார்.

தேர்வுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில் இருக்கிற வாரங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 25-இல் முடிந்தது, முடிவு மே 8-இல் வந்தது. நடுவில் ஆறு வாரம். வீட்டுக்கு லீவு மனநிலை. பிள்ளைக்கு உள்ளுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கெமிஸ்ட்ரியில் ஐந்து மார்க் கேள்வி ஒன்றை விட்டதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். சாப்பாட்டைத் தள்ளுகிறாள், பகலெல்லாம் தூங்குகிறாள், பிரியமான பொருளைத் தங்கைக்குத் தூக்கிக் கொடுக்கிறாள் என்றால் “பரீட்சை அலுப்பு” என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வினாத்தாளைக் கையில் எடுக்காமல் உட்காருங்கள். தோற்றாலும் துணைத் தேர்வு உண்டு, அதே வருஷம் கல்லூரியிலும் சேரலாம் என்பதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. மனசு தாங்காத பிள்ளைக்கும் பயந்துபோன பெற்றோருக்கும் 14416, 104 என்ற எண்களில் ஆலோசனை கிடைக்கும். கட்டணம் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் கால அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்போதே அந்த அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் கடைசித் தேர்வு என்றைக்கு? பாடப்பிரிவுக்குத் தக்கபடி தேதி மாறும், பக்கத்து வீட்டுப் பையனின் தேதியை நம்பாதீர்கள். அன்றைக்கு அரை நாள் லீவுக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். லீவு கிடைக்காதவர்கள் மாமாவையோ சித்தியையோ அனுப்புங்கள். ஒன்றேகாலுக்குப் பள்ளி வாசலில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும்.