மறந்துபோன வெற்றி

ரக்பி விளையாட்டில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர் ஆடுவர். 9 முதல் 15 வரையிலான எண்களை அணிந்தவர்கள் பின்கள ஆட்டக்காரர்கள். பந்தை ஏந்திக்கொண்டு வேகமாக ஓடுவது பெரும்பாலும் இவர்களே. 1 முதல் 8 வரையிலான எண்களை அணிந்தவர்கள் முன்கள ஆட்டக்காரர்கள். எதிரணியினரோடு மோதிப் பந்தைக் கைப்பற்றித் தருவது இவர்களின் முதன்மைப் பணியாகும்.

முன்கள ஆட்டக்காரர்கள் எண்மரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிரணியின் எண்மரை முட்டித் தள்ளுவது 'ஸ்க்ரம்' எனப்படும். அதன் முன்வரிசையில் நடுவில் நிற்கும் 2ஆம் எண் ஆட்டக்காரரே 'ஹூக்கர்'. பின்னாலிருந்து தோழர்கள் தள்ளும் விசையையும் எதிரணியின் விசையையும் இவருடைய கழுத்தும் முதுகும் தாங்க வேண்டும். அதே வேளையில், காலால் பந்தைப் பின்னோக்கி இழுக்கவும் வேண்டும். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால், அதை மீண்டும் திடலுக்குள் எறிபவரும் பெரும்பாலும் இவரே.

இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன் அத்தகைய ஹூக்கர்களுள் ஒருவர். 1978ஆம் ஆண்டு பிறந்த இவர், நார்த்தாம்டன் அணியில் ஆடத் தொடங்கினார். ரக்பி யூனியன் 1995ஆம் ஆண்டில்தான் ஊதியம் பெறும் தொழிலாக மாறியது. அதன்பின் ஆட்டக்காரர்களின் உடல் வலிமை கூடியது, பயிற்சிகள் கடுமையாயின, மோதல்களும் பெருகின.

2003ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், சிட்னியில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17–17 எனச் சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில், தாம்சன் பந்தை வரிசையின் கடைசியில் நின்ற லூயிஸ் மூடிக்குக் குறி தவறாமல் எறிந்தார். அங்கிருந்து தொடர்ந்த ஆட்டத்தில் ஜானி வில்கின்சன் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தார். இங்கிலாந்து 20–17 என வென்றது.

2007ஆம் ஆண்டில் கழுத்துக் காயத்தால் தாம்சன் ஓய்வு பெற்றார். பின்னர், உடல்நலம் தேறி மீண்டும் திடலுக்குத் திரும்பினார். 2011ஆம் ஆண்டில் மறுபடியும் கழுத்துக் காயம் ஏற்படவே, நிரந்தரமாக விடைபெற்றார். அதற்குள் நாட்டிற்காக 73 ஆட்டங்களில் ஆடியிருந்தார்.

2020ஆம் ஆண்டில், 42 வயதிலேயே தமக்கு மறதிநோய் தொடங்கிவிட்டதை அவர் உலகிற்கு அறிவித்தார். உலகக் கிண்ணத்தை வென்றதுகூடத் தம் நினைவில் இல்லை என்றார். ஆட்டத்தின் ஒளிப்பதிவில் தம்மைக் காண முடிந்தாலும், அங்கிருந்த உணர்வு அவருக்கு இல்லை.

மூளை மென்மையான உறுப்பு. தலை சட்டென்று குலுங்கும்போது, மண்டையோட்டுக்குள் மூளையும் குலுங்குகிறது. மயங்கி விழச் செய்யும் அடி மட்டுமே ஆபத்தானதன்று. ஆயிரக்கணக்கான சிறு மோதல்களின் பாதிப்பும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைச் சிதைக்கக்கூடும். இவற்றுள் பல, பயிற்சியின்போதே ஏற்படுகின்றன.

இன்று ரக்பியின் விதிமுறைகள் பல மாறியுள்ளன. ஸ்க்ரமில் இரு தரப்பினரும் ஓங்கி மோதிக்கொள்வதைக் குறைக்க, முதலில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட பின்னரே தள்ள வேண்டும் என்னும் முறை 2013ஆம் ஆண்டில் வந்தது. தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தால், ஆட்டக்காரரை வெளியேற்றிச் சோதிக்கின்றனர். 2023ஆம் ஆண்டு முதல், இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டங்களில் எதிராளியை மார்புக்குக் கீழேதான் மடக்க வேண்டும். தாம்சனும், தம் இறப்புக்குப் பின் தமது மூளையை ஆய்வுக்கு வழங்க உறுதியளித்துள்ளார்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய முடியும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது வீரம் என்று போற்றப்பட்ட காலம் உண்டு. அடிபட்டதை மறைக்காமல் கூறித் திடலைவிட்டு வெளியேறுவதற்கும் துணிவு வேண்டும் என்பதைத் தாம்சனின் வாழ்க்கை உணர்த்துகிறது.